தண்ணீர்க் குழாயில் ஒரு சத்தம்

என் சகலை தங்கச் சுரங்கத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியர். இதைச் சொன்னதும் கேட்பவர்களின் கண் என் மனைவியின் கழுத்துக்குத்தான் போகும். அக்கா புருஷனுக்குத் தங்கச் சுரங்கத்தில் பெரிய வேலை என்றால் தங்கச்சி பக்கம் கொஞ்சம் சிந்தியிருக்காதா என்று நினைப்பு. சிந்தியது மண்தான். லாரி லாரியாகக் கல்லை உடைத்து, அரைத்து, கரைத்தால் உள்ளங்கையில் ஒட்டுகிற அளவுக்குத் தங்கம் வரும். அதுவும் பூட்டிய அறைக்குள் வரும். அந்த அறையில் எஞ்சினியருக்கு வேலையே கிடையாது. அவருடைய வேலை தண்ணீரும் காற்றும். பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ள வேண்டும், மேலே இருக்கிற காற்றைக் கீழே தள்ள வேண்டும். ஆளை இறக்குகிற கூண்டு ஓட வேண்டும், கல்லை அரைக்கிற ஆலை ஓட வேண்டும். எது நின்றாலும் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். இத்தனை வருஷம் தங்கத்துக்கு நடுவில் உழைத்தும், அவர் மனைவியின் காதில் கிடந்த தோடு அவளுடைய அப்பா போட்டதுதான்.

நான் அதே சுரங்கத்தில் முட்டு வைக்கிற தச்சன். பாறை தலையில் விழாமல் மரத்தை நிறுத்துவது என் தொழில். எஞ்சினியருக்கும் தச்சனுக்கும் எப்படி உறவு என்று கேட்பீர்கள். எங்கள் மாமனார் மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினார். இளையவளுக்கு வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் கதை. அதற்காகச் சகலை என்னை ஒரு நாளும் குறைவாக நடத்தியதில்லை. வேலையில் 'சார்' என்பேன், வீட்டில் 'சகலை' என்பேன். கூண்டில் ஒன்றாக இறங்கும்போது எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

படிப்பு முடித்து வந்த புதிதில் அவரைக் கம்ப்ரஸர் கொட்டகையில் போட்டார்கள். மற்றவர்கள் முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரு இரும்புக் கம்பியின் முனையை இயந்திரத்தின் மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் போயிடுச்சு. உள்பக்கத்துது. இந்த வாரம் தாங்கும், அடுத்த வாரம் தாங்காது" என்பார். பிரித்துப் பார்த்தால் உள்பக்கத்துப் பேரிங் பல்லிளித்துக்கொண்டு இருக்கும். அதிலிருந்து அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் விழுந்தது. பாம்புச் செவி என்றார்கள். வீட்டில் மட்டும் அந்தச் செவி வேலை செய்யாது. அவர் மனைவி மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவார். "நான் மிஷினாப் பொறந்திருக்கணும், அப்பவாவது என் பேச்சு காதுல விழுந்திருக்கும்" என்று அவள் சொல்வாள். என் மனைவியின் அக்காவான அவளை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

கம்ப்ரஸரிலிருந்து கூண்டு இயந்திரத்துக்குப் போனார், அங்கிருந்து பம்புகளுக்கு வந்தார். பம்பில் வந்து மாட்டியவர் மாட்டியவர்தான். சுரங்கம் ஒவ்வொரு வருஷமும் ஆழமாகப் போயிற்று. ஆழம் போகப் போகத் தண்ணீர் அதிகம், பாறைக்கு அழுத்தம் அதிகம், மேலிடத்துக்கு அக்கறை குறைவு. பம்பு கேட்டால் பொறுமை கொடுத்தார்கள். ஆள் கேட்டால் அறிவுரை கொடுத்தார்கள். பழைய பம்பில் இருந்து கழற்றிப் புதுப் பம்புக்குப் போட்டு, அதிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டினார். வேறு ஊரில் சிமென்ட் ஆலையில் கூப்பிட்டார்கள். நல்ல சம்பளம், தரைக்கு மேலே வேலை. "நான் போனா தண்ணி ஏறிடும் சகலை" என்று போகாமல் இருந்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. ஏறட்டுமே! இவர் அப்பன் வீட்டுச் சுரங்கமா?

இனிச் சின்னவனைச் சொல்ல வேண்டும். அண்ணிக்கும் என் மனைவிக்கும் ஒரே தம்பி. அவன் பிறந்த கையோடு அவர்கள் அம்மா போய்விட்டாள். அண்ணிதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். கல்யாணம் பேச வந்தபோது, தம்பியும் கூட வருவான், சம்மதமா என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள். சகலை சம்மதித்தார். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சின்னவன் இருந்ததால் அந்தக் குறை வீட்டில் அதிகம் பேசப்படவில்லை. வளர்ந்து ஆளான பிறகும், குளித்துவிட்டு வந்தால் அக்காதான் தலை துவட்ட வேண்டும் என்று குனிந்து நிற்பான். "எருமை மாடு மாதிரி வளர்ந்திருக்கே, வெக்கமா இல்ல?" என்று நான் கேட்டால், "உங்களுக்கு முடி இல்லைன்னு பொறாமை மாமா" என்பான். வாய் நீளம்.

அவன் ஃபிட்டர் வேலை படித்தான். வெளியே வேலை கிடைக்கவில்லை. சகலை தன் பம்புப் பிரிவிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள இறங்குற வேலை வேண்டாங்க. மேலயே ஏதாவது பாருங்க."

"என் செக்ஷன்லதான் இருப்பான். நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்கன்னுதான் விடுறேன்" என்றாள்.

ஒரு நாள் சுரங்கத்தின் அடித்தளத்துப் பம்பு அறையில் ஒரு பம்புக்குப் பேக்கிங் மாற்ற வேண்டியிருந்தது. தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் திணித்து வைக்கிற கயிறுதான் பேக்கிங், பெரிய வேலை ஒன்றும் இல்லை. இரண்டு பேர் போக வேண்டும். ஆள் இல்லை என்றார்கள். சகலை மேல்தளத்தில் மின்மோட்டார் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நீ போய் ஆரம்பி, நான் பின்னாலயே வர்றேன்" என்று சின்னவனை அனுப்பினார்.

அவர் கிளம்புவதற்குள் பாறை வெடித்தது. வெடி வைத்ததல்ல. அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடிக்கும். மேல்தளத்தில் முட்டு வைத்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் காது அடைத்தது, பிறகு தூசி வந்தது, பிறகுதான் சத்தம் புரிந்தது. மேலே ஊருக்குள் பாத்திரங்கள் குலுங்கி அலமாரியிலிருந்து விழுந்தன என்று பிறகு சொன்னார்கள். அந்த ஊரில் பாத்திரம் குலுங்கினால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்கள். யாரும் சொல்லத் தேவையில்லை.

அடித்தளத்தில் சுரங்கப் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பம்பு அறை, வலப்பக்கம் சாமான் கிடங்கு. பிரிகிற இடத்திலேயே கூரை இறங்கி இரண்டு வாயையும் அடைத்துவிட்டது. மற்ற எல்லோரையும் எண்ணி எடுத்தாயிற்று. உள்ளே இருந்தவன் சின்னவன் மட்டும்தான். இடிபாட்டுக்கு அப்பால் ஒரு பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் இருந்து மின்சாரத்தை நிறுத்தி அதை நிறுத்தலாம், விட்டு ஓட்டலாம்.

சுரங்கத்தில் இறங்குகிற முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் கத்தாதே, குழாயைத் தட்டு. கையில் கிடைத்த இரும்பால், பக்கத்தில் இருக்கிற குழாயைத் தட்டு. குரல் பாறையில் செத்துவிடும், குழாயில் போகிற சத்தம் சாகாது. ஆகவே சகலை பம்பு அறையிலிருந்து வருகிற தண்ணீர்க் குழாயில் தன் கம்பியை வைத்தார். பம்பு ஓடும்வரை இரைச்சல் தவிர ஒன்றும் கேட்காது. நிறுத்தினால் கேட்கும். ஆனால் நிறுத்தினால் பம்பு அறையில் தண்ணீர் ஏறும். அவன் எங்கே நிற்கிறானோ, உட்கார்ந்திருக்கிறானோ, காலொடிந்து கிடக்கிறானோ, அங்கே ஏறும்.

"நிறுத்துங்க" என்று சொன்னபோது அவர் உதடு வெளுத்திருந்தது.

பம்பு நின்றது. அவர் கண்ணை மூடினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தோம். அந்த முகம் மெல்ல மெல்ல உடைந்தது. "தட்டுறான்" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். "சகலை, சின்னவன் தட்டுறான், நீங்க கேளுங்க!"

நான் காதை வைத்தேன். டக். கொஞ்சம் கழித்து டக், டக். எனக்கும் கேட்டது. மேனேஜர் கேட்டார், அவருக்கும் கேட்டது. சகலை சுத்தியலால் மூன்று தட்டு தட்டினார். சற்று நேரத்தில் மூன்று வந்தது. அங்கே நின்றிருந்த முரடர்கள் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"வாய் குறுகல். ஒரு பக்கம்தான் தோண்ட முடியும்" என்றார் மேனேஜர். "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"நிச்சயமா?"

"சார், பம்பு அறைக் குழாயில தட்டுறான். வேற எங்க இருப்பான்?"

காதுக்காரர் சொன்னால் மறுபேச்சு ஏது? இடப்பக்கம் தோண்டினோம். ஒரு முழம் எடுத்தால் அரை முழம் மறுபடி சரியும். சரிந்த இடத்தில் நான் முட்டு வைக்க வேண்டும், முட்டுக்கு அடியில் ஊர்ந்துபோய் அடுத்த ஆள் கல்லைத் தள்ள வேண்டும். கையால் நகராத பாறையைக் காற்றால் ஓடுகிற துளைப்பான் வைத்து உடைத்தோம். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. இடையிடையே துளைப்பானை நிறுத்தி, பம்பை நிறுத்தி, சகலை காதை வைப்பார். அவர் மூன்று தட்டினால் சில சமயம் மூன்று வரும், சில சமயம் ஐந்து வரும். ஐந்து வந்தால் "தவிக்கிறான்" என்பார். ஒன்று மட்டும் வந்தால் "களைச்சுட்டான், பாவம்" என்பார். ஒன்றுமே வராதபோது "தூங்குறான்" என்றார். நாங்களும் ஆமாம் என்றோம். ஆசைக்கு எந்தக் கணக்குத்தான் சரியாக வராது?

"போதும் சார், தண்ணி ஏறுது" என்று யாராவது சொல்லும்வரை காதை எடுக்க மாட்டார். எடுத்ததும், இவ்வளவு நேரம் நிறுத்திவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்வார். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம். அப்படியொரு வதையை நான் பகையாளிக்கும் நினைக்க மாட்டேன்.

மறுநாள் ஒரு தடவை அவரை மேலே இழுத்துக்கொண்டு போனேன். அண்ணி சுரங்க வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லையாம், என் மனைவி சொன்னாள்.

"இருக்கான்" என்றார் சகலை. "தட்டுறான். நான் கேட்டேன்."

"எனக்குத் தெரியும். அவன் விட மாட்டான்" என்றாள் அண்ணி. அவர் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். "அக்கா வாசல்லயே நிக்கிறேன்னு சொல்லுங்க. பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

வாசலில் நிற்பதைக் குழாயில் எப்படித் தட்டிச் சொல்வது? சகலை கீழே வந்து தட்டினார். நான்கு, இரண்டு, மறுபடி நான்கு என்று ஏதோ தட்டிக்கொண்டே, "அக்கா வாசல்லதான்டா நிக்கிறா, பயப்படாத" என்று குழாயிடம் சத்தமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நாட்கள் போயின. அவர் சாப்பிடவில்லை. வாயில் ஊட்டினாலும் மெல்வதை மறந்து அப்படியே வைத்திருப்பார். கடைசியில் ஒரு மாலை வழி கிடைத்தது. ஆள் நுழைகிற பொந்து. சகலை எங்கள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதலில் போனார், நான் பின்னால் ஊர்ந்தேன்.

பம்பு அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முழங்காலளவு தண்ணீர். ஒரு பம்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடாத பம்பில் நட்டுகள் கழற்றி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பழைய பேக்கிங் பிடுங்கிப் போட்டிருந்தது, புதியது எங்கேயும் இல்லை. ஆள் இல்லை. சகலை தண்ணீருக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினார். "டேய், டேய்" என்று சிறுபிள்ளையைத் தேடுவது போலக் கூப்பிட்டார்.

பிறகு ஏதோ தோன்றியவர் போல நிமிர்ந்து, "பம்பை நிறுத்தச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். நின்றது. அறை அமைதியானது.

டக்.

எங்களுக்கு ஒரு கை தூரத்தில், குழாயின் கழுத்தில், திரும்பி வருகிற தண்ணீரைத் தடுக்கிற வால்வு இருந்தது. அதன் உள்ளே இருக்கிற மூடி தேய்ந்து ஆடிப்போயிருந்தது. மேலே நிற்கிற தண்ணீர் கசிந்து இறங்கும்போதெல்லாம் மூடி தூக்கித் தூக்கி விழுந்தது. டக். டக், டக். சகலை உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். அவர் கைக்கு அடியிலேயே அது தட்டிற்று. அந்த வால்வை மாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டுக் கேட்டு அலுத்தவரே அவர்தான். பம்பு நின்றால் அது தட்டும் என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது அவருக்குத்தான். தெரியாமல் இல்லை. சின்னவன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவர் மண்டைக்குள் அன்றைக்கு நுழைய இடமில்லை.

"கிடங்கு" என்றார். "பேக்கிங் எடுக்கக் கிடங்குக்குப் போயிருக்கான்."

வலப்பக்கம் தோண்டினோம். தோண்டினோம் என்றா சொல்வது, நகம் பிய்யப் பிராண்டினோம். இந்தப் பக்கம் அடைப்பு மெல்லியது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன், மனசு கேட்கவில்லை. மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விட்டோம்.

சின்னவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கால் பாறைக்கு அடியில். தலைக்கு மேலே காற்றுக் குழாய் போயிற்று. நாங்கள் துளைப்பானுக்குக் காற்று எடுத்த அதே குழாய். அதன் திருகைத் திறந்து வைத்து அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறான். வலது கையில் ஸ்பானர் இருந்தது. குழாயில் அவன் கை எட்டுகிற நீளத்துக்குப் பெயின்ட் மொத்தமும் உதிர்ந்து, இரும்பு நெளிந்து பளபளவென்று இருந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப நேரம் ஆகல. நேத்து வரைக்கும்கூட இருந்திருப்பான்" என்றார். சகலை பின்னாலேயே வந்து நின்றதை அந்த மனுஷன் கவனிக்கவில்லை.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஒரு தடவை ஊர் வாய் தானாகவே மூடிக்கொண்டது. உள்ளே இருந்த யாரும் வெளியே மூச்சு விடவில்லை. ஏனென்றால் அண்ணி துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "கடைசி வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தானாம். என் வீட்டுக்காரர்தான் கேட்டாரு. பதிலும் சொன்னாரு. எம்புள்ள தனியாச் சாகல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முதுகு நிமிரும்.

சகலை என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார். "சொல்லிடட்டுமா?"

"சொல்லாதீங்க சகலை. அந்த ஒண்ணுதான் அவங்களை நிக்க வெச்சிருக்கு" என்றேன்.

அவர் மறுபடி வேலைக்குப் போனார். கம்பியை எடுப்பதில்லை. இயந்திரத்தில் பிரச்சினை என்றால், "பிரிச்சுப் பாத்துடுங்க" என்பார். புதிதாக வந்தவர்களுக்கு அவரை ஏன் காதுக்காரர் என்கிறார்கள் என்றே புரியவில்லை. வால்வை மாற்றிவிட்டார்கள். இப்போது உடனே கிடைத்தது, பாவிகளுக்கு.

ஆனால் வீட்டில் ஒன்று தொடங்கியது. சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் அண்ணி எதிரில் வந்து உட்காருவாள். "எப்படித் தட்டினான்? இன்னொரு தடவை காட்டுங்க" என்பாள். அவர் விரல் மடக்கி மேசையில் தட்டிக் காட்ட வேண்டும். டக். டக், டக். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். "மொதல்ல வேகமாவா? அப்புறம் மெதுவாவா?" என்று கேட்பாள். அவர் அதையும் தட்டிக் காட்டுவார். மாதக்கணக்கில் இது நடந்தது. அவர் இளைத்துக் கூடாகிப் போனார். எங்கள் வீட்டுக்கு வந்தால் வெளிச்சம் இருக்கும்வரை கிளம்ப மாட்டார். "வீட்டுக்குப் போகணுமே சகலை" என்பார், ஜெயிலுக்குப் போகிறவர் மாதிரி.

ஒரு நாள் நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டில் இருந்தோம். அண்ணி வழக்கம்போலக் கேட்டாள். அவர் கையைத் தூக்கினார். கை மேசையைத் தொடவில்லை.

"அது அவன் இல்ல" என்றார்.

நான் "சகலை" என்றேன். அவர் நிற்கவில்லை. வால்வைச் சொன்னார். இடப்பக்கம் தோண்டச் சொன்னது தான்தான் என்பதைச் சொன்னார். வலப்பக்கத்து அடைப்பு மெல்லியது என்பதைக்கூட விடவில்லை. என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அண்ணி அழவில்லை. ஒன்று கேட்டாள்.

"அவன் இருந்த எடத்துல குழாய் இருந்துச்சா?"

"இருந்துச்சு. காத்துக் குழாய்."

"தட்டினானா?"

"தட்டினான்."

"ரொம்பவா?"

"பெயின்ட் எல்லாம் போயிருந்துச்சும்மா."

"யாரும் கேக்கல."

"கேக்கல."

அவள் அவரைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அதற்குத்தான் அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி, அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்களை மடக்கி மேசைமேல் வைத்தாள்.

"அங்க எப்படித் தட்டினான்? அதைக் காட்டுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.